அஷ்டமியில் படகு இறக்கலாமா?

வாசகர் கேள்வி-பதில்: மோட்டார் இல்லாத ஒரு காலை

துடுப்பு, மிதிவண்டி, நடை இவற்றை மட்டும் வைத்து எண்ணூர்க் கழிமுகத்தில் ஊர்கூடி ஒரு காலைப் பொழுதைக் கொண்டாட முடியுமா என்று கேட்டு வட சென்னையின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழின் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 60 பேர் தயாராக இருக்கிறோம். புழல் ஏரி பக்கத்தில் இருக்கிறது, பக்கிங்காம் கால்வாய் வீட்டு வாசலில் ஓடுகிறது. ஏன் எண்ணூர் வரை போக வேண்டும்? (தண்டையார்பேட்டை)

புழல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. அதில் படகு விட நினைக்கவே வேண்டாம். கால்வாய் விஷயம் வேறு. 1806-இல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்ட பகுதிதான் அதன் முதல் துண்டு. கோல் ஊன்றியும், பாய் கட்டியும், கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி அது. மோட்டார் இல்லாப் பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் நகரில் இல்லை என்றுதான் மனசு சொல்லும். ஆனால் இன்று நகருக்குள் அதில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். கவிழ்ந்தால் வாயில் போகும் ஒரு மடக்கு போதும், ஒரு வாரம் படுக்கையில் கிடக்க. அந்தக் கால்வாய்க்கு ஒரு நாள் நல்ல காலம் வர வேண்டும். அதுவரை அதன் கரையில் நடக்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறும் கால்வாயும் கடலும் சந்திக்கின்றன. நீர் ஏறும் நேரத்தில் கடல் தண்ணீர் உள்ளே வருவதால், அந்தச் சில மணி நேரம் கழிமுகம் ஓரளவு தெளிந்திருக்கும். வற்றும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து கடலை நோக்கி இறங்கும். அதனால் எந்த இடம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம். அழைப்பிதழில் போடும் நேரத்தை மண்டபமோ சிறப்பு விருந்தினரோ முடிவு செய்யக் கூடாது, தண்ணீர் முடிவு செய்யட்டும்.

அப்படியானால் நாள் பார்ப்பது எப்படி? ஒரு ஞாயிறு அஷ்டமியில் வருகிறது. வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நீர் அன்றைக்குத்தான் அமைதியாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். யார் சொல்வது சரி? (திருவொற்றியூர்)

இருவர் சொல்வதிலும் பாதி சரி.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். சென்னைக் கரையில் அது சுமார் 1 மீட்டர். அஷ்டமியை ஒட்டி அந்த இழுப்பு ஒன்றுக்கொன்று குறுக்கே விழுவதால் சுமார் 40 சென்டிமீட்டர்தான். வித்தியாசம் குறைந்தால் நீரோட்டமும் தளரும். உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான்.

ஆனால் நேரமும் இருக்கிறது. சென்னையில் பௌர்ணமி, அமாவாசையன்று காலை எட்டரை ஒன்பது மணி வாக்கில் ஏற்றம் உச்சத்தில் நிற்கும். ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கணக்கில் அஷ்டமியன்று காலை எட்டு, ஒன்பது மணிக்கு வற்றம். கரையோரம் சேறு திறந்து கிடக்கும், படகு தரை தட்டும், கால்வாய்த் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆக, அஷ்டமியை விடுவதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை. பெரியவர்களும் மகிழ்வார்கள்.

பௌர்ணமியும் வேண்டாம். காலை ஒன்பதுக்கு மேல் நீர் திரும்பி, விழா முடியும் தறுவாயில் முகத்துவாரம் நோக்கி வேகம் பிடிக்கும். களைத்த கை, வெளியே இழுக்கும் நீர், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே கூடாது.

எங்கள் தேர்வு சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிறகு நான்கு முதல் ஆறு நாள் கழித்து. அந்த நாட்களில் விடியலை ஒட்டி வற்றம் முடிந்து, மதியம் வரை நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். துடுப்பைத் தவறவிட்டவரையும் கை ஓய்ந்தவரையும் அது ஊருக்குள்தான் கொண்டுவந்து சேர்க்கும். கணக்கை அப்படியே நம்பி அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத (கடல்நீர் ஏற்ற வற்ற) அட்டவணையில் அந்த நாளின் நேரத்தைப் பாருங்கள். கடலில் நீர் திரும்பிய பிறகு கழிமுகத்துக்குள் அது திரும்ப அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். முகத்துவாரத்தில் மணல்திட்டு எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தத் தாமதம் மாறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மூங்கில் போதும். 2 மீட்டர் மூங்கிலில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். படகு இறக்கப்போகும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் ஆழமாக ஊன்றுங்கள். இரண்டு வாரம் முன்னதாக, அதே திதியில் (வளர்பிறைக்குப் பதில் தேய்பிறை) காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை அரை மணிக்கு ஒரு முறை அளவைக் குறியுங்கள். எப்போது நின்றது, எப்போது ஏறத் தொடங்கியது, எந்த மணியில் வேகம் அதிகம் என்பது ஒரே காலையில் தெரிந்துவிடும். பொதுவாக ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியிலும் கடைசி மணியிலும் மிக மெதுவாகவும், மூன்றாவது, நான்காவது மணிகளில் மிக வேகமாகவும் ஏறும்.

மாதம் என்றால் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் முடிய. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரி நீர் திறந்தால் அது கொசஸ்தலை வழியாக எண்ணூருக்குத்தான் வரும். அப்போது அட்டவணை சொல்லும் ஏற்றத்தை ஆற்று வெள்ளம் அமுக்கிவிடும். முந்தைய மூன்று நாளில் கனமழை பெய்திருந்தாலோ, பூண்டியிலோ புழலிலோ நீர் திறந்திருந்தாலோ விழாவைத் தள்ளிவையுங்கள். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் தரும் அலை, கள்ளக்கடல் (தொலைவிலிருந்து திடீரென்று வந்து கரை ஏறும் பெரிய அலை) எச்சரிக்கைகளை முந்தைய நாள் மாலையும் அன்று அதிகாலையும் பாருங்கள்.

நான் காட்டுக்குப்பத்துக்காரன். ஞாயிறு காலையில் கலர் கலராகப் படகு கொண்டுவந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவீர்கள். வலை அறுந்தால் யார் தருவது? அன்றைக்குப் பாடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த விழாவை யாரும் தொடங்கக் கூடாது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த நீரில் வலை போடும் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் பாடு வழக்கம் இருக்கிறது. வெளியாள் கண்ணுக்கு வெறும் தண்ணீராகத் தெரிவது அன்றைக்கு ஒருவரின் வயல்.

ஏற்பாட்டாளர்களுக்குச் சொல்கிறோம். குறைந்தது மூன்று வாரம் முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள். நாள், நேரம், எத்தனை படகு, எந்த எல்லை என்பதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அதோடு முடிந்தது. சரி என்றால் மூன்று காரியம் பாக்கி இருக்கிறது. அன்றைய பாடு யாருடையது என்று கேட்டு, அவர்களுக்கு ஒரு நாள் தொழில் வரும்படியை முன்கூட்டியே கொடுங்கள். ஊன்றிய வலைகள், நண்டுக் கூடுகள் எங்கே இருக்கின்றன என்று ஊர்க்காரர் ஒருவரோடு முந்தைய நாள் படகில் போய்ப் பார்த்து, அந்த இடங்களை எல்லைக்கு வெளியே வையுங்கள். வலை அறுந்தால் என்ன தொகை என்பதை விழாவுக்கு முன்பே பேசி முடியுங்கள். அறுந்த பிறகு கரையில் நின்று பேரம் பேசுவது அசிங்கம்.

இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருப்பார்கள். தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேல் தெரியும். கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகின் முனை அந்த உயரத்தில்தான் வரும். அவர்கள் இருக்கும் ஆழம் குறைந்த பகுதிக்குள் எந்தப் படகும் போகக் கூடாது. போனால் ஆளுக்கும் அடி, கலங்கிய சேற்றில் அன்றைய இறாலும் போச்சு.

வழிகாட்டியாக, காவலாக, படகு கொடுப்பவராக ஊர்க்காரர்கள் வரும்போது அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். சால்வை போர்த்தி அனுப்புவது சம்பளம் ஆகாது. அந்த நீரில் கவிழ்ந்தவரைத் தூக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

60 பேருக்கு எத்தனை படகு, எத்தனை லைஃப் ஜாக்கெட் வேண்டும்? (வியாசர்பாடி)

எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்காதீர்கள். ஒருவர் கயாக் 10, இருவர் கயாக் 5 வாடகைக்கு எடுத்தால் ஒரு முறைக்கு 20 பேர். மூன்று முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், நடுவில் 15 நிமிடம் ஆள் மாற. காலை 6.45-க்குத் தொடங்கினால் 9.30-க்கு முடியும். கடற்காற்று வலுப்பதற்குள் எல்லோரும் கரையில் இருப்பார்கள்.

மேலே உட்காரும் வகைக் கயாக்கை மட்டும் எடுங்கள். உள்ளே கால் நுழைக்கும் வகை கவிழ்ந்தால், பழகாதவர் வெளியே வரத் தடுமாறுவார். படகை வாங்கும்போது பின்பக்க வடிகால் மூடி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். மூடி இல்லாத கயாக் உடனே மூழ்காது. மெல்ல உள்ளே நீர் சேர்ந்து பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் சாயும். "படகு சரியில்லை, ஆடுது" என்று புதியவர்கள் புலம்பினால் பாதி நேரம் காரணம் இதுதான். உதிரி மூடி நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட் 30 இருக்கட்டும். 20 பேருக்கும், வழிகாட்டிகள் நால்வருக்கும் போக மீதி அளவு மாற்றிக் கொடுக்க. நீச்சல் தெரியாதவர்களுக்கு 100 நியூட்டன் மிதப்பு உள்ளது வேண்டும். 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கானது. வாடகைக்கு வரும் ஜாக்கெட்டை இரு கையாலும் அழுத்துங்கள். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, அழுத்திய இடம் குழியாகவே நின்றாலோ, தையல் விட்டிருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். மாட்டி, எல்லாக் கொக்கியும் போட்டு, வார் இழுத்த பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதைத் தொட்டால் பெரிது. வேறு அளவு கொடுங்கள். இந்தச் சோதனையைப் படகு இறங்கும் இடத்தில் ஒருவர் நின்று, ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டும். அந்த ஒருவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

எல்லை காட்ட 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். மூடியை இறுக்கி, ஆரஞ்சுத் துணி சுற்றி, ஆழத்தைப்போல மூன்று மடங்கு நீளக் கயிற்றில் 10 கிலோ மணல் மூட்டை கட்டி இறக்குங்கள். கயிறு ஆழத்துக்குச் சரியாக இருந்தால் நீர் ஏறும்போது மூட்டை தூக்கிக்கொண்டு கேன் நகர்ந்துவிடும். முகத்துவாரத்துக்கு உள்ளே குறைந்தது அரை கிலோமீட்டர் விட்டுத்தான் முதல் கேன். பாலத்தூண்கள் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். தூணில் நீர் மோதிப் பிரியும் இடத்தில் படகு குறுக்கே விழுந்தால், பக்கவாட்டில் சாய்ந்து நீர் ஏறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். துறைமுக எல்லைப் பக்கமும், அனல்மின் நிலைய நீர் வெளியேறும் வாய்க்கால் பக்கமும் போக வேண்டாம்.

முதலில் முகத்துவாரத் திசையில், ஏறும் நீரை எதிர்த்துப் போய்விட்டுத் திரும்பும்படி வட்டத்தை அமையுங்கள். கை புதிதாக இருக்கும்போது எதிர்நீர். களைத்த பிறகு நீரே தள்ளிவிடும்.

மோட்டார் இல்லாத விழா என்கிறீர்கள். பிறகு எதற்கு ஒரு மோட்டார் படகைக் காவலுக்கு நிறுத்தச் சொல்கிறார்கள்? (மணலி)

ஆள் உயிருக்காக. வழிகாட்டிகள் ஐவருக்கு ஒருவர் என்று கயாக்கிலேயே இருப்பார்கள். பத்தில் ஒன்பது கவிழ்தலை அவர்களே சமாளிப்பார்கள். பத்தாவதுக்கு வேகம் வேண்டும். ஊர் ஃபைபர் படகு ஒன்று முகத்துவாரப் பக்கம், எஞ்சின் அணைந்த நிலையில் நிற்கட்டும். ஓட்டுபவரோடு நீச்சல் தெரிந்த இன்னொருவரும், 15 மீட்டர் மிதக்கும் கயிறும் இருக்கட்டும். தண்ணீரில் இருப்பவரை நெருங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்பாலோ கயிற்றாலோ கடைசி தூரத்தைக் கடக்க வேண்டும். விசிறி சுழலும்போது ஆளைத் தூக்கப் போவது இன்னொரு விபத்து.

விசில் எல்லோர் ஜாக்கெட்டிலும் கட்டியிருக்க வேண்டும். ஒரு ஊதல் என்றால் "இங்கே பார்", மூன்று என்றால் "ஆபத்து". கரையில் ஒருவர் கையில் இந்த எண்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554, ஆம்புலன்ஸ் 108. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்துக்கும் முன்பே கடிதம் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகு ஆள் சேருங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. 9 வயதுப் பெண்ணையும் அழைத்து வரலாமா? என்ன உடுத்துவது? (கொருக்குப்பேட்டை வாசகி)

வரலாம். மகளை இருவர் கயாக்கில் முன்னால் உட்காரவைத்து, பின்னால் நன்றாகத் துடுப்பு போடத் தெரிந்த வழிகாட்டி ஒருவர் இருக்கட்டும். நீங்கள் இருவரும் ஒரே படகில் போக ஆசைப்படுவீர்கள். இந்த முறை வேண்டாம். கவிழ்ந்தால் இரண்டு பேருமே காப்பாற்றப்பட வேண்டியவர்கள் ஆகிவிடுவீர்கள். குழந்தைக்கான ஜாக்கெட் வயதுக்கு இல்லை, எடைக்கு. காலிடுக்கு வழியாக மாட்டும் வார் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும்.

படகில் ஏறுவதற்கு முன், மார்பளவுகூட இல்லாத நீரில் ஜாக்கெட்டோடு மல்லாந்து மிதந்து பாருங்கள். முகம் மேலே நிற்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்காத விழாவில் சேராதீர்கள்.

சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கரையிலேயே வைத்துவிடுங்கள். புடவை, ஜீன்ஸ், கனமான பருத்தி எதுவும் வேண்டாம். நனைந்தால் ஏறி உட்கார விடாது. நைலான் டிராக் பேன்ட், முழுக்கை டி-ஷர்ட், பின்னிக் கட்டிய தலைமுடி. கொலுசு, மோதிரம் வீட்டில் இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுப் பின்னால் கட்டுங்கள்.

செருப்பு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். எண்ணூர் அடித்தளத்தில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் கரிய சிப்பி பாய்போலப் படர்ந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கரைப் பக்கத்திலிருந்து வந்து பரவிய இனம். ஓடு ஓரம் பிளேடு மாதிரி. வெறுங்காலில் இறங்கினால் அடுத்த அடி ரத்தம். குதிகால் வார் உள்ள ரப்பர் செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். ஹவாய் செருப்பைச் சேறு உறிஞ்சிக்கொள்ளும்.

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் கால் முழங்கால் வரை இறங்கும். காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இன்னும் உள்ளே போகும். கயாக்கின் மேல் நெஞ்சைச் சாய்த்துப் படுத்து, பாரத்தைப் படகுக்குக் கொடுத்துவிட்டு, பாதத்தை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

பெண்கள் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் இடம் உறுதியான பிறகே ஏற்பாட்டாளர்கள் நாள் குறிக்கட்டும். இது இல்லாததால்தான் பல பெண்கள் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

துடுப்பு போட்டால் படகு ஒரே பக்கம் திரும்புகிறது. மணிக்கட்டும் வலிக்கிறது. (ராயபுரம்)

துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாக வையுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்கும் இடம்தான் கை பிடிக்க வேண்டிய இடம். பெரும்பாலும் எல்லோரும் கையை நெருக்கிப் பிடிக்கிறார்கள். ஓட்டையை அடைத்ததுபோல இறுக்கவும் செய்கிறார்கள். வலி அதனால்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாக இருந்தால் போதும், மற்ற விரல்கள் தளர்ந்திருக்கட்டும். துடுப்பு இலையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமலே முழுக் காலையும் உழைப்பவர்கள் உண்டு.

பாதத்துக்கு நேராக இலை முழுக்க நீரில் இறங்கி, இடுப்பு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுத்தால் ஒவ்வொரு முறையும் படகின் வாலைத் திருப்புகிறீர்கள். இழுப்பது கை இல்லை, இடுப்புக்கு மேல் உடம்பு திரும்புவது. வலப்பக்கமாகவே படகு போனால் வலப்பக்கத்தில் ஒரு பெரிய அரைவட்டம், முன்முனையிலிருந்து பின்முனை வரை. ஐந்தடி நாலங்குலம் உயரமுள்ளவருக்கு, 75 சென்டிமீட்டர் அகலக் கயாக்கில் 220 முதல் 230 சென்டிமீட்டர் துடுப்பு பொருந்தும். குட்டையான துடுப்பு கொடுத்தால் விரல் படகின் ஓரத்தில் இடிக்கும்.

கவிழ்ந்தால்: படகை விடாதீர்கள். நிமிர்த்துங்கள். நடுப்பகுதிக்கு வந்து, காலை நீர்மட்டத்துக்கு உதைத்து, மீன் துள்ளுவதுபோல வயிற்றைப் படகின் மேல் போடுங்கள். பிறகு புரண்டு உட்காருங்கள். கால் கடைசியில். முதலில் காலைத் தூக்கிப்போட்டால் படகு மறுபடி உங்கள் மேல் கவிழும்.

அந்தத் தண்ணீரால் நோய் வராதா? (மாதவரம்)

வரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படிந்ததை எண்ணூர் மறக்கவில்லை. நீரின் மேல் வானவில் படலமோ மண்ணெண்ணெய் வாடையோ இருந்தால் அன்று இறங்க வேண்டாம். புண், சமீபத்தில் குத்திய தையல் இருப்பவர்கள் கரையில் இருங்கள். முடிந்ததும் கேன் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை, கால், முகம் கழுவிய பிறகே சாப்பாடு. ஆளுக்குக் கழுவ 5 லிட்டர், குடிக்க 1 லிட்டர் கணக்கு வையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கழிமுக நீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் அப்போதுதான் யோசிப்பார்.

கட்டுமரப் போட்டி வைத்தால் கூட்டம் சேருமே? (காசிமேடு)

சேரும். முதல் ஆண்டு வேண்டாம். உலகம் முழுக்கக் கட்டமரான் என்று சொல்லும் சொல்லே நம் கட்டுமரம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்ததில் கட்டுமரம் இன்னும் வேகமாகக் குறைந்தது. கட்டத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. அவர்களைப் பந்தயத்தில் ஓடவிடுவதைவிட, கரையில் உட்கார்ந்து கட்டிக் காட்டச் சொல்லுங்கள். எந்த மரம் நடுவில், எது ஓரத்தில், முன்பக்கம் எப்படி மேல்நோக்கி வளைகிறது, கயிறு எங்கே குறுக்காக வருகிறது, கடலுக்குப் போய் வந்ததும் ஏன் அவிழ்த்துத் தனித்தனியாக வெயிலில் காயப்போட வேண்டும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். காயாத மரம் நீர் குடித்துக் கனத்து, மிதப்பு இழந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்கும் கூலி உண்டு.

விம்கோ நகர் மெட்ரோவிலிருந்து சைக்கிளில் ஊர்வலமாக வரலாமா? (எர்ணாவூர்)

அந்தச் சாலை கன்டெய்னர் லாரிகளின் சாலை. 60 பேர் ஊர்வலம் வேண்டாம். எட்டு, பத்து பேராக, விடியலில், ஒற்றை வரிசையில். லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் ஒட்டிப் போகாதீர்கள், ஓட்டுநருக்கு அங்கே எதுவும் தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். பிள்ளைகளோடு வருபவர்கள் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலில் வந்து கத்திவாக்கத்திலோ எண்ணூரிலோ இறங்கி நடக்கலாம்.

பழவேற்காட்டில் நடத்தினால் பூநாரையும் பார்க்கலாமே? (மீஞ்சூர்)

பூநாரை இருக்கும் பகுதி பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. கயாக் சத்தமில்லாமல் நெருங்குவதாலேயே பறவைக்கு அதிகப் பதற்றம். மேயும் கூட்டம் ஒரு முறை எழும்பினால் அந்த வற்றத்தின் இரை போச்சு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பகுதியில் கட்டுப்பாடும் உண்டு. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே போக நினைப்பவர்கள் அந்த நாளை நினைவில் வைத்து, முதலில் எண்ணூரில் இரண்டு மூன்று விழாக்கள் நடத்திப் பழகுங்கள்.

விழா முடிந்ததும் கயாக்குகளை எப்படித் திருப்பி அனுப்புவது? (பெரம்பூர்)

வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, மூடி திறந்து, உள்ளே இருக்கும் நீர் முழுவதையும் அங்கேயே வடித்துவிடுங்கள். அடிப்பகுதியிலும் துளைகளிலும் கயிற்று முடிச்சிலும் காக்கா ஆழிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். நகத்தால் தடவினால் மிளகுபோல நெருடும். பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே அந்தப் படகு முட்டுக்காட்டுக்கோ வேறு கழிமுகத்துக்கோ போகலாம். எண்ணூரில் நடந்தது அங்கேயும் நடக்க நாம் காரணமாக வேண்டாம். இதை வாடகைக்காரரிடம் முன்பே சொல்லி, ஒரு நாள் கூடுதல் வாடகை கொடுத்துவிடுங்கள்.

குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றும்போது கயாக்கைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் பழைய டயரோ சாக்கோ கொடுத்து, அகல வாரால் கட்டுங்கள். நைலான் கயிறு போட்டு இறுக்கி மதிய வெயிலில் நிறுத்தினால் பிளாஸ்டிக் இளகி அடிப்பாகம் குழிந்துவிடும். அடுத்த முறை அந்தப் படகு நேராகப் போகாது. மறக்காமல் தண்ணீர் கேன்களையும் மணல் மூட்டைகளையும் எண்ணி எடுங்கள். எட்டு இறக்கினால் எட்டும் கரைக்கு வர வேண்டும். விட்டுப்போன ஒரு கயிறு மறுநாள் காலை யாரோ ஒருவரின் வலையில்தான் சிக்கும்.